ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி: ‘ரன்’ என்ற ஒரே சொல்லில் ஒரு சோதனை

ஓர் ஆங்கில அகராதி எவ்வளவு உதவும் என்று பார்க்கக் கடினமான சொல் எதுவும் வேண்டாம், ‘ரன்’ என்று தேடுங்கள். ஓடுவது தெரியும், கிரிக்கெட் ரன் தெரியும். ஆனால் கடை நடத்துவதும் ரன், மூக்கு ஒழுகுவதும் ரன், துணியில் சாயம் போவதும் ரன், அமெரிக்காவில் தேர்தலில் நிற்பதும் அதேதான் (பிரிட்டனில் நம்மைப் போலவே ‘ஸ்டாண்ட்’ என்கிறார்கள், எனக்குப் பிடித்த தகவல் இது).

இத்தனை அர்த்தங்களையும் குவித்துப் போடாமல், நிர்வாகம், வாகனம், திரவம் என்று குட்டித் தலைப்புகளில் பிரித்திருக்கிறார்கள். விளக்கங்களில் பெரும்பாலும் அடிப்படைச் சொற்கள்தான் வருகின்றன, அதனால் ஒரு சொல்லுக்காக இன்னும் நாலு சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1942-இல் ஜப்பானில் ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் இதன் முதல் பதிப்பைக் கொண்டுவந்ததே பிற மொழிக்காரர்களுக்காகத்தான், அந்த அக்கறை இன்றும் தெரிகிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பிரமாதம். இணையத்தில் இலவசம், பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம்.

குறை என்றால், பால் தீர்ந்துபோனதைச் சொல்ல உதவும் ‘ரன் அவுட்’, வழியில் ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பதற்கான ‘ரன் இன்டு’ எல்லாம் பக்கத்தின் அடியில் இருக்கின்றன. அன்றாடப் பேச்சுக்கு இவைதான் அதிகம் தேவை, மேலே வந்திருக்க வேண்டும். அப்புறம், தமிழ் அர்த்தம் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்-தமிழ் அகராதியே சரி. கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம்.