உங்கள் இணையதளத்தைப் பராமரிப்பவரிடமிருந்து மாதாமாதம் ‘அப்டேட் எதுவும் பாக்கி இல்லை சார்’ என்று ஸ்கிரீன்ஷாட் படம் வருகிறதா? அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள்

சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் விற்பது எங்கள் குடும்பத் தொழில். அப்பா காலத்தில் கடை ஒன்றுதான். 2020 ஊரடங்கில் ஷட்டரைத் தூக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தபோது இணையதளம் போடலாம் என்று முடிவெடுத்தோம். தளத்தை நடத்த வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள், அதன்மேல் கடை நடத்த வூகாமர்ஸ். செய்து கொடுத்தவர் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர். பெயரும் ஊரும் வேண்டாம். அவர் செய்த தந்திரத்தை மட்டும் சொல்கிறேன். வேறு பலரும் இதைச் செய்கிறார்களாம்.

ஆண்டுப் பராமரிப்புக்கு 18,000 ரூபாய். அதுபோக ‘ப்ரீமியம் ப்ளகின் லைசென்ஸ்’ என்று வருடம் 6,500. ப்ளகின் என்பது தளத்தில் கூடுதல் வசதிக்காகச் செருகும் சின்ன மென்பொருள். பில்லின் அடியில் ‘பேக்கப், வெர்ஷன் கன்ட்ரோல் உட்பட’ என்று ஒரு வரி. அது என்ன என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மாதம் 5ஆம் தேதி ஆனால் வாட்ஸப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்துவிடும். தளத்தின் ப்ளகின் பட்டியல்; எதன் கீழும் ‘புதிய பதிப்பு வந்துள்ளது’ என்கிற மஞ்சள் பட்டை இருக்காது. கூடவே ‘அப்டேட் எதுவும் பாக்கி இல்லை சார்’ என்று ஒரு வரி. ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு நான் பார்சல் கட்டப் போய்விடுவேன். நான்கு வருடம் இப்படியே போனது.

2024 தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது சேலத்திலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். “ஏனுங்க தம்பி, கூகுள்ல உங்க கடையைத் தேடித் தொட்டா ரம்மி ஆடச் சொல்லுதே?” கடைக் கணினியில் முகவரியைத் தட்டிப் பார்த்தேன். போர்வைதான் வந்தது. தளம் செய்து கொடுத்தவரைக் கேட்டேன். “அவங்க போன்ல வைரஸ் சார்” என்றார். நம்பி, அந்த அக்காவிடமும் அதையே சொல்லித் தொலைத்தேன். இந்த வகைத் தீநிரல் (தளத்துக்குள் திருட்டுத்தனமாகச் செருகப்படும் கேடான நிரல்) தேடுபொறி வழியாகக் கைப்பேசியில் வருகிறவர்களை மட்டும்தான் திருப்பிவிடும், நேராக முகவரி தட்டுகிறவருக்கும் உள்நுழைந்திருக்கும் முதலாளிக்கும் ஒன்றும் காட்டாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்கு யாராவது இப்படிச் சொன்னால், தளத்திலிருந்து வெளியேறிவிட்டு, கைப்பேசியின் மறைநிலை (இன்காக்னிடோ) சாளரத்தில் கூகுள் வழியாகப் போய்ப் பாருங்கள்.

இன்னும் மூன்று பேர் கூப்பிட்ட பிறகு அவர் பேச்சு மாறியது. “ப்ளகின் கான்ஃப்ளிக்ட் சார், க்ளீன் பண்ணணும், 8,000 ஆகும்.” கொடுத்தேன். மறுநாள் காலையில் ரம்மி போயிருந்தது. கூடவே 19 நாள் ஆர்டர்களும் போயிருந்தன.

அவர் செய்த ‘க்ளீனிங்’ பழைய பேக்கப்பை அப்படியே மேலே போட்டதுதான். வூகாமர்ஸில் ஆர்டர்களும் பக்கங்களும் ஒரே தரவுத்தளத்தில் இருக்கின்றன. மூன்று வாரத்துக்கு முந்தைய தரவுத்தளத்தைத் திருப்பிப் போட்டால் இடையில் வந்த ஆர்டர் ஒன்றும் மிஞ்சாது. பணம் மட்டும் பேமென்ட் கேட்வேயில் (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) வந்திருந்தது, யார் எதற்குக் கட்டியது என்ற விவரம் தளத்தில் இல்லை. நல்லவேளை, ‘புதிய ஆர்டர்’ மின்னஞ்சல்கள் என் முகவரிக்கு வந்துகொண்டிருந்தன. நானும் மனைவியும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து 43 ஆர்டர்களை நோட்டில் எழுதி எடுத்தோம். ஒரு மின்னஞ்சல் ஸ்பேமில் போய்விட்டது. ஆறு போர்வைக்குப் பணம் கட்டிய நாகர்கோவில்காரர் பண்டிகைக்கு முந்தின நாள் கூப்பிட்டார். அவரிடம் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

அதே வாரத்தில் ரம்மியும் திரும்பி வந்தது.

தீபாவளி விடுமுறைக்குச் சித்தப்பா மகள் வந்திருந்தாள். கோவையில் மென்பொருள் வேலை. திண்ணையில் மடிக்கணினியை விரித்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “அண்ணா, இந்தத் தளம் கிட்ல இருக்குதுங்களா?” பில்லில் இருந்த வெர்ஷன் கன்ட்ரோல் என்பது அதுதானாம். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, செய்தவர் பெயர், காரணம் மூன்றோடும் பதிந்து வைக்கும் ஏற்பாடு. எங்கள் தறிக்கணக்கு நோட்டு மாதிரி என்று வைத்துக்கொண்டேன். அவருக்கு மெசேஜ் போட்டதும், “கிட்லதான் சார் இருக்கு” என்று ஒரு இணைப்பு வந்தது. திறந்தாள். மொத்தம் ஒரே ஒரு கமிட், அதாவது ஒரே ஒரு பதிவு. 2021ஆம் வருடத்தது. குறிப்பு: ‘முதல் கமிட்’. அதற்கப்புறம் மூன்று வருடமாக எங்கள் தளத்தில் எதுவுமே மாறவில்லை என்று அந்த நோட்டு சொன்னது. போதாததற்கு அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுக் கிடங்கு. உள்ளே தளத்தின் அமைப்பு விவரங்கள் அடங்கிய கன்ஃபிக் கோப்பும் இருந்தது, அதில் எங்கள் தரவுத்தளக் கடவுச்சொல்லும் இருந்தது. அந்தக் கோப்பை இப்போது அழித்தாலும் வரலாற்றில் நிற்கும், கடவுச்சொல்லை மாற்றுவதுதான் ஒரே வழி என்றாள்.

அப்புறம் ப்ளகின் பட்டியலுக்குப் போனாள். மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். பணம் கட்டும் ‘செக்அவுட்’ பக்கத்துக்கான ஒரு இலவச ப்ளகின். பக்கத்தில் ‘பதிப்பு 99.9’.

“அண்ணா, இப்படி ஒரு பதிப்பு உலகத்துலயே கிடையாதுங்க.”

ப்ளகினின் முதன்மைக் கோப்பில் தலைப்பகுதியில் பதிப்பு எண்ணை எழுதியிருப்பார்கள். வேர்ட்பிரஸ் அந்த எண்ணை அதிகாரபூர்வ இணையக் கிடங்கில் உள்ள எண்ணோடு ஒப்பிடும். அங்கே இருப்பது பெரிய எண்ணாக இருந்தால்தான் மஞ்சள் பட்டை வரும். எங்கள் ஆள் கூரியர் பெயர்களைச் சேர்ப்பதற்காக அந்த ப்ளகின் கோப்புக்குள்ளேயே கைவைத்திருக்கிறார். அப்டேட் செய்தால் அவர் எழுதியது அழிந்துபோகும். அதனால் எண்ணை 99.9 ஆக்கிவிட்டார். இனி எந்தக் காலத்திலும் அப்டேட் கேட்காது. கூடவே இருக்கும் ரீட்மீ கோப்பை மாற்ற மறந்துவிட்டார் போல. அதில் 4.1.2 என்ற உண்மையான எண் அப்படியே இருந்தது. மொத்தம் ஐந்து ப்ளகின்களில் இதே வேலை. மாதாமாதம் எனக்கு வந்த படங்களைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் 99.9 கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான்தான் படித்ததில்லை.

அடுத்தது வருடம் 6,500 வாங்கிய ப்ரீமியம் ப்ளகின். திறவுகோலே போடாமல் ‘லைசென்ஸ் செல்லும்’ என்று காட்டியது. லைசென்ஸ் சோதனையைப் பிடுங்கிவிட்டு இலவசமாகப் பரப்பும் பிரதிக்கு நல்டு ப்ளகின் என்று பெயராம். விற்கிற நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். எங்கள் தளத்தின் பெயரில் எதுவும் வாங்கப்படவில்லை என்று பதில் வந்தது. வேர்ட்பிரஸ் ப்ளகின்களில் பெரும்பாலானவை ஜிபிஎல் என்ற, பிரதி எடுத்துப் பகிர அனுமதிக்கும் உரிமத்தில் வருகின்றன, பிரதி எடுப்பதே குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படிப் பரவும் பிரதியில் யார் எதைச் செருகினார்கள் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் பல வருடம் பரவியது இதே பாதையில்தான். எங்கள் ரம்மியும் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. பேக்கப்பிலும் இதே ப்ளகின் இருந்ததால்தான் துடைக்கத் துடைக்கத் திரும்பி வந்தது. பயனர் பக்கத்தில் இன்னொரு வேடிக்கை: மேலே ‘நிர்வாகி 3’ என்று எண்ணிக்கை, கீழே பட்டியலில் இரண்டே பேர். மூன்றாவது ஆள் தன் பெயரை மறைத்துக்கொண்டு எத்தனை நாளாக உள்ளே இருந்தானோ.

தளம் பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி) 7.4-ல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. எட்டுக்கு ஏற்றினால் இந்தப் பழைய ப்ளகின்கள் விழுந்துவிடும், அதனால் ஏற்றவில்லை. ப்ளகின் பிழை போன்றவற்றால் தளம் விழும்போது வேர்ட்பிரஸ் நிர்வாகி முகவரிக்கு ஒரு எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும், 5.2 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. எங்கள் தளத்தில் அந்த முகவரி அவருடையது. இதை மட்டுமாவது இன்றைக்கே உங்கள் தளத்தில் பாருங்கள்: அமைப்புகள், பொது, நிர்வாகி மின்னஞ்சல்.

சரி செய்ய இரண்டரை நாள் ஆனது. வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளை முழுக்கப் புதிதாக இறக்கினாள். ப்ளகின்களை அதிகாரபூர்வ இடத்திலிருந்து மட்டும் எடுத்தாள். படங்கள் மட்டும் இருக்க வேண்டிய அப்லோட்ஸ் அடைவில் மூன்று பிஎச்பி கோப்புகள் கிடந்தன, அழித்தாள். எல்லாக் கடவுச்சொற்களும் மாறின, எனக்குத் தெரியாத கணக்குகளும் அவருடைய கணக்கும் போயின. நான்கு வருட அப்டேட்டை ஒரேயடியாக ஏற்றியதில் செக்அவுட் பக்கம் வெள்ளையாக நின்றது. நான் பதறினேன், அவள் பதறவில்லை. ஹெல்த் செக் என்ற ப்ளகினைப் போட்டு, அவள் கண்ணுக்கு மட்டும் எல்லா ப்ளகின்களும் அணைந்திருக்கும்படி செய்தாள். வாடிக்கையாளர்களுக்கு அவை ஓடிக்கொண்டுதான் இருந்தன. பாதியை ஏற்றிப் பார்த்தாள், பக்கம் வந்தது. மீதியில் பாதி. இப்படியே நாலாவது முறையில் குற்றவாளி சிக்கியது: தபால் கட்டணம் கணக்கிடும் ஒரு ப்ளகின். பிழைப்பதிவை ஓட விட்டதும் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்பதுவரை சொல்லிவிட்டது. ‘ப்ளகின் கான்ஃப்ளிக்ட்’ என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால், எந்த ப்ளகின், எந்த வரி என்று கேளுங்கள்.

கூரியர் பெயர்களை இப்போது தனியாக ஒரு சின்ன ப்ளகினில் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அடுத்தவர் கோப்பைத் தொடாமல். அதுவும் எங்கள் தீமும் (தளத்தின் தோற்றத்துக்கான கோப்புகள்) தனிப்பட்ட கிட் கிடங்கில், என் பெயரில் உள்ள கணக்கில் இருக்கின்றன. கன்ஃபிக் கோப்பு அதில் கிடையாது. தரவுத்தளம் கிட்டுக்குள் வராது என்பதால் அதற்குத் தினசரி பேக்கப், வேறொரு இடத்தில். அப்டேட் ஒவ்வொன்றாகத்தான், முதலில் சோதனைப் பிரதியில். குறிப்புகளைத் தமிழிலேயே எழுதுகிறோம். முதல் கமிட்டின் குறிப்பை அவள் ‘கைக்கு வந்தபோது இருந்த கோலம்’ என்று போட்டிருக்கிறாள்.

இவ்வளவையும் அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. நவம்பர் 5 காலையில் வழக்கம்போல வாட்ஸப் ஒலித்தது. அவர் கணக்கை நீக்கி மூன்று நாள் ஆகியிருந்தது. ஸ்கிரீன்ஷாட், ‘அப்டேட் எதுவும் பாக்கி இல்லை சார்’, நடுவில் அதே 99.9. அந்த எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது.

‘டைப்பிங் மிஸ்டேக் சார்.’