மொபைல் ஹோமில் பதினோரு வருடம்: குளியலறைத் தரையை மாற்றிய கையோடு எழுதுவது

டாலஸ் பக்கம் 1994-இல் செய்த டபுள்-வைடு மொபைல் ஹோம் (ஆலையில் இரண்டு பாதியாகச் செய்து, கொண்டுவந்து இணைத்துத் தூண்கள்மேல் நிறுத்தும் வீடு) ஒன்றுக்கு விலை பேசியிருக்கும் நண்பர், "வாங்கலாமா?" என்று கேட்கிறார். குளியலறைத் தரையைப் பெயர்த்து மாற்றி முடித்த சூட்டோடு பதில் எழுதுகிறேன். கோபம் தெரிந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணம், தரைக்குப் போட்டிருக்கும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. காய்ந்திருக்கும்வரை கல் மாதிரி நிற்கும். தண்ணீர் பட்டால் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பி உதிரும். பிறகு எத்தனை நாள் காயவைத்தாலும் பழைய பலம் வராது. இதைத்தான் டாய்லெட்டுக்கும் குளியல் தொட்டிக்கும் அடியில் விரித்திருக்கிறார்கள். டாய்லெட்டுக்குக் கீழே உள்ள மெழுகு வளையம் கெட்டுக் கசிந்தாலே போதும், சுற்றிலும் தரை போய்விடும். டாய்லெட் லேசாக ஆடினால் போல்ட்டை முறுக்கிவிட்டு நகராதீர்கள். கழற்றிப் பாருங்கள்.

மாற்றும்போது உப்பிய இடத்தை மட்டும் வெட்டினால் போதாது. நல்ல பலகை வரும்வரை போய், அங்கிருந்து அடுத்த ஜாய்ஸ்டின் (தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின்) நடுவில் வெட்டு விழ வேண்டும். சர்க்குலர் சாவின் (வட்ட ரம்பத்தின்) ஆழத்தைப் பலகையின் கனத்துக்கு, அதாவது பெரும்பாலும் 5/8 அங்குலத்துக்கு, வையுங்கள். அதற்கு மேல் இறங்கினால் ஜாய்ஸ்டோ தண்ணீர்க் குழாயோ அறுபடும். இந்த வீடுகளில் தரையை முழுக்க விரித்துவிட்டு அதன்மேல்தான் உள்சுவர்களை நிறுத்துகிறார்கள். அதனால் பலகை சுவருக்கு அடியிலும் ஓடும். சுவரோரம் ஆசிலேட்டிங் கருவியால் (அதிர்ந்து வெட்டும் சிறு அலகுக் கருவி) வெட்டி, புதுப் பலகையின் விளிம்பு தொங்காதபடி ஜாய்ஸ்டுகளுக்கு இடையே டூ-பை-ஃபோர் (2x4 அளவு என்று விற்கும்) கட்டை கொடுங்கள். அதன்மேல் 5/8 ப்ளைவுட். கடையில் 19/32 என்று எழுதியிருக்கும். 3/4 போட்டால் கதவருகே படி விழும். ஜாய்ஸ்டின்மேல் பசை தடவி, 2 அங்குல டெக் ஸ்க்ரூவை 6 அங்குலத்துக்கு ஒன்றாக இறக்குங்கள். ஆணி அடித்தால் நாளடைவில் தளர்ந்து கிறீச்சிடும்.

மேலே வேலை முடிந்தால் பாதிதான் முடிந்தது. கசிந்த தண்ணீர் கீழே பெல்லிக்குள் தேங்கியிருக்கும். பெல்லி என்பது ஜாய்ஸ்டுக்கு அடியில் இழுத்துக் கட்டிய கறுப்புத் தார்பாய். உள்ளே கண்ணாடிப் பஞ்சு. தொப்பை மாதிரி தொங்கும் இடத்தில், அதற்கு நேர் கீழே படுக்காமல் பக்கவாட்டிலிருந்து, கத்தியால் ஒரு கீறல் போட்டு வடியவிடுங்கள். நனைந்த பஞ்சை எடுத்து எறிந்துவிட வேண்டும், அது உள்ளே காயாது. ஒட்டுப் போடும் இடத்தைத் துடைத்துக் காயவைத்து, பெல்லிக்கென்றே விற்கும் டேப்பால் மூடுங்கள். சாதாரண டக்ட் டேப் உரிந்து தொங்கிவிடும், அந்த ஓட்டையில் எலி குடிபுகும். எங்கள் வீட்டை நிறுத்திக் கொடுத்தவர்கள் துணி உலர்த்தியின் காற்றுக்குழாயை வெளியே கொண்டுவராமல் வீட்டுக்கு அடியிலேயே விட்டுப் போயிருந்தார்கள். அத்தனை ஈரமும் வருடக்கணக்கில் மரத்துக்குத்தான் போனது. இதை மன்னிக்க முடியவில்லை.

ஆனால் இந்த வீட்டில் கீழே இறங்கினால் எல்லாம் கைக்கு எட்டும். கான்கிரீட் தளத்துக்கு அடியில் குழாய் உடைந்தால் தரையைத் தோண்ட வேண்டும். இங்கே பெல்லியைத் திறந்தால் போதும்.

மட்டம் பார்ப்பதும் அப்படித்தான். இங்குள்ள கறுப்பு மண் நம் கோவில்பட்டிக் கரிசலின் வகை. கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும், தூண்கள் ஏறி இறங்கும். கதவு தட்டினாலோ சன்னல் மூலையில் சுவர் கீறினாலோ மட்டம் போய்விட்டது என்று அர்த்தம். நம் ஊர்க் கொத்தனார் வைத்திருக்கும் அதே டியூப் லெவல்தான் கருவி. தண்ணீரில் குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கும் முன், காற்றில் அசையாதபடி வீட்டை மண்ணோடு கட்டியிருக்கும் ஸ்ட்ராப்களைத் தளர்த்துங்கள். 20 டன் பாட்டில் ஜாக் இரண்டு, அடியில் கனமான கட்டை. ஜாக்கின் தலை வீட்டை அடியில் தாங்கும் இரும்பு ஐ-பீமில்தான் படவேண்டும், மர ஜாய்ஸ்டில் கூடாது. ஒரு இடத்தில் ஒரு தடவைக்குக் கால் அங்குலம், பிறகு அடுத்த தூண். தூணுக்கும் பீமுக்கும் உள்ள இடைவெளியில் கடின மர ஆப்புகளை இரு பக்கமிருந்தும் ஜோடியாக அடித்து இறுக்கி, ஜாக்கை இறக்கிவிட்டு ஸ்ட்ராப்பைத் திரும்ப முறுக்குங்கள். கட்டை அடுக்காமல் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. சரியான உயரம் வந்ததும் மாதக்கணக்கில் அடைபடாத படுக்கையறைக் கதவு விரல் பட்டாலே 'டக்' என்று தாழ் விழும். அந்தச் சத்தத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் தவழலாம்.

மண்ணின்மேல் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) கனமுள்ள பிளாஸ்டிக் ஷீட்டை, ஒன்றின்மேல் ஒன்று ஓரங்கள் 12 அங்குலம் ஏறும்படி விரித்துவிட்டால் அடியில் ஈரம் பெருமளவு அடங்கும்.

இவ்வளவு பிடித்த வீட்டை நான் விற்கப்போவதில்லை. ஆனாலும் நண்பருக்குப் பதில், அதை வாங்க வேண்டாம். கசிவுக்குப் பேர்போன சாம்பல் நிறப் பாலிபியூட்டிலீன் தண்ணீர்க் குழாய் இருந்தால்கூடப் பரவாயில்லை. 1978 முதல் 1995 வரை கட்டிய வீடுகளில் பல அதோடுதான் வந்தன. பெக்ஸ் (வளையும் பிளாஸ்டிக்) குழாயாக மாற்றிவிடலாம். பார்ட்டிகிள் போர்டுத் தரையை யார் மாற்றுவது? அடுத்த வீட்டைப் பார்க்கப் போகும்போது ஹால், குளியலறை இரண்டிலும் தரையில் உள்ள ஏசி ஜல்லடை மூடியைத் தூக்கி, பலகை வெட்டிய விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ப்ளைவுட், மேற்கொண்டு பேசலாம். தூளாகத் தெரிந்தால் மூடியைத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.