கொழும்பு பூட்டிக்கில் உடுப்பு வைத்து விற்பது: சில வருட அனுபவம்

கொள்ளுப்பிட்டிப் பக்கம் சுயாதீன டிசைனர்களின் உடுப்புகளைக் கொமிஷனுக்கு விற்கும் ஒரு சின்ன பூட்டிக்குக்குச் சில வருடங்களாக உடுப்புக் கொடுத்து வருகிறோம். குறையும் சொல்லப்போவதால் கடையின் பெயர் வேண்டாம்.

முதலில் காசு. கடை 35 வீதம் எடுக்கிறது. புதிதாக வருபவர்கள் அடக்க விலையோடு 35 வீதத்தைக் கூட்டி விலை போட்டுவிடுகிறார்கள். துணி, தையல், பொத்தான், லேபல் எல்லாம் சேர்த்து ஒரு சேர்ட்டுக்கு 3,600 ரூபாய் என்று வையுங்கள். 35 வீதம் கூட்டினால் 4,860. அதில் 1,701 கடைக்குப் போனால் கைக்கு 3,159. சேர்ட்டுக்கு 441 ரூபாய் நட்டம். 3,600ஐ 0.65ஆல் வகுக்க வேண்டும். வருவது 5,538, அதுவும் வெறும் அசல். சனிக்கிழமை ரேஸ்கோர்ஸ் குட் மார்க்கெட்டில் அதே சேர்ட்டை மலிவாகப் போட்டால் கடைக்காரரின் முகம் கறுக்கும். நியாயம்தான்.

அந்த 35 வீதம் ரேக்குக்கு மட்டும் என்றால் அது வாடகை, அதுவும் கூடின வாடகை. ஆனால் இங்கே விற்பனைக்கு நிற்கும் பிள்ளை, போட்டுப் பார்த்துக் கழற்றி வைத்த உடுப்பு ஏன் விலைபோகவில்லை என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறார்: "12 சைஸ் தோளில் சரி, கைக்குழி இறுக்கம்", "வெளிச்சத்தில் உள்ளே தெரிகிறது". ஒரே குறை இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்தால் அளவுத்தாளில் கைக்குழியை 1 செ.மீ. இறக்க வேண்டியதுதான். பக்கத் தையலில் 2 செ.மீ. துணி விட்டால், வாங்கியவர் வெள்ளவத்தையில் எந்தத் தையல்காரரிடமும் கொடுத்துப் பெருப்பித்துக்கொள்ளலாம்.

இன்னொரு பெரிய உதவி கைத்தறித் துணி. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவை, விழுது, அச்சு என்னும் தறிப் பாகங்களில் இழை இழையாகக் கோர்க்கும் வேலை, 10 மீட்டர் கேட்டாலும் 60 மீட்டர் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே சின்ன ஓடரை நெசவாளர் விரும்பமாட்டார். 1964இல் பார்பரா சன்சோனி தொடங்கிய பெயார்ஃபூட் கைத்தறி நிறுவனம் தன் அளவில் தனியாக நெய்விக்கலாம். எங்களைப் போன்றவர்கள் சேர்ந்தால்தான் முடியும். கடை நாலு பேரைச் சேர்த்து 60 மீட்டர் பாவு ஒன்று போடச் சொல்லும். குறுக்கே போகும் ஊடு நூலின் நிறம் மட்டும் ஆளுக்காள் வேறு. பாவு வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்கட்டும், கோடு போட்டால் நாலு பேருக்கும் அதே கோடுதான் வரும். நூலை ஒரே தடவையில் வாங்குங்கள், அடுத்த சாயத் தொட்டியில் நிறம் பிசகும். ஆளுக்கு 15 மீட்டர் என்றும் நம்பிவிடாதீர்கள். நெய்யும்போது பாவு சுருங்கும், கடைசித் துண்டு தறியிலேயே நின்றுவிடும். 13க்குத் திட்டமிடுங்கள்.

வெட்டுமுன் 50 செ.மீ. சதுரம் ஒன்றைக் குறித்துக் கழுவிக் காயவைத்து அளக்கவும். 47.5 ஆகியிருந்தால் சுருக்கம் 5 வீதம். பற்றிக் என்றால் சாயம் ஒட்டுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகே கடைக்கு அனுப்புங்கள்.

குறைகள்? கண்ணாடி ஜன்னலில் தொங்கும் உடுப்பு ஒரு தோளில் மட்டும் வெளிறுகிறது. கிழமைக்கொரு தடவை மாற்றச் சொல்லி எழுத்தில் வாங்கியும் மறந்துவிடுகிறார்கள். கடைக்குக் கொடுக்கும்போது சைஸ் வாரியாக எண்ணி இரண்டு பிரதியில் ஒப்பம் வாங்காவிட்டால், மாத முடிவில் காணாமல் போன 10 சைஸ் யார் தலையில் விழும் என்பதில் சண்டைதான். விலைபோகாததை 90 நாளில் திருப்பித் தருவார்கள். திருப்பி வாங்கும் இடத்திலேயே கழுத்துப்பட்டியில் பவுடர் கறை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பட்டியலில் எழுதிவிடுங்கள்.