தொலைவுச் சூத்திரமும் நடுப்புள்ளியும்: ரொம்ப நாள் பழகியவன் சொல்வது

நாலு புள்ளி கொடுத்து இணைகரமா என்று கேட்டால் நாலு பக்கத்தையும் கணக்குப் போட்டு மாளவில்லை, வேறு வழி இருக்கா என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. ஆனால் முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

வர்க்கமூலம்! தொலைவுச் சூத்திரத்தோடு (இரண்டு புள்ளிகளின் x வித்தியாசம், y வித்தியாசம் இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுப்பது) எனக்கு இன்றுவரை ஒத்துப்போகாதது அது ஒன்றுதான். (−3, 4), (5, −2) என்று பார்த்துப் பார்த்துப் புள்ளி கொடுப்பார்கள். வித்தியாசம் 8, −6, வர்க்கங்களின் கூடுதல் 100, விடை 10. நாமாக இரண்டு புள்ளி வைத்துப் பார்த்தால் √13, √58 என்று ஏதாவது வந்து நிற்கும். இதில் 5 − (−3) என்பதை அவசரத்தில் 2 என்று போட்டுவிட்டால் √40 வரும். அதுவும் சரியான விடை மாதிரியே முழிக்கும். வர்க்கப்படுத்திய பிறகு எந்தக் குறி தப்பியது என்று தேடினாலும் தடயம் இருக்காது.

நியாயமாகச் சொன்னால், ஒப்பிட மட்டும் மூலம் தேவையில்லை. முக்கோணத்தின் பக்கங்களின் வர்க்கம் 5, 20, 25 என்று வந்தாலே, 5 + 20 = 25 என்பதால், செங்கோண முக்கோணம். அங்கேயே பேனாவை மூடிவிடலாம்.

நடுப்புள்ளியோ தங்கம். கூட்டு, பாதியாக்கு, முடிந்தது. நண்பரின் கணக்குக்கு வருவோம்: வரிசையாக (1, 2), (4, 3), (6, 6), (3, 5). எதிரெதிர் முனைகளை எடுத்தால் இரண்டு மூலைவிட்டத்துக்கும் நடுப்புள்ளி (3.5, 4)தான். மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று பாதியாக வெட்டினால் இணைகரம்; நாலும் ஒரே கோட்டில் இல்லை, ஆகவே இது இணைகரம். பக்கம் பக்கமாகப் போயிருந்தால் √10, √13, மறுபடி √10, √13. இதைவிட எனக்குப் பிடித்தது, மூன்று முனை தெரிந்தால் நாலாவது மனக்கணக்கிலேயே வந்துவிடுவது: எதிரெதிர் இரண்டைக் கூட்டி மிச்சத்தைக் கழித்தால் 1 + 6 − 4 = 3, 2 + 6 − 3 = 5. முதல் தடவை இது சரியாக வந்தபோது, ஏன் யாரும் முன்னாடியே சொல்லவில்லை என்று கோபம்தான் வந்தது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லக் கூடாதுதான். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் தொலைவைத்தான் எடுப்பேன். இணைகரம் என்று சொன்னதோடு நடுப்புள்ளி ஒதுங்கிவிடும். சாய்சதுரமா, செவ்வகமா என்று அடுத்த கேள்வி வந்தால் அதனிடம் பதில் இல்லை. தொலைவைக் கேட்டால், அடுத்தடுத்த பக்கங்களின் வர்க்கம் 10, 13, சாய்சதுரம் இல்லை; மூலைவிட்டங்களின் வர்க்கம் 41, 5, செவ்வகமும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும்.

நீளமான மூலைவிட்டம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். √41.