பிக்காசோவுக்கு ஒரு வீதி உலா

2002 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில், மன்ஹாட்டன் 53ஆம் தெருவிலிருந்து ஒரு ஊர்வலம் கிளம்புகிறது. பெரு நாட்டு பேண்டு வாத்தியம், தூவ ரோஜா இதழ்கள், ஒரு குதிரை. தோளில் பல்லக்குகள். உள்ளே பிக்காசோவின் 'அவினியோன் பெண்கள்', சிற்பி ஜாகோமெட்டியின் ஒல்லிப் பெண் சிலை, கலைஞர் டூஷாம்ப் கலைப்பொருளாக்கிய சைக்கிள் சக்கரம். மோமா எனும் நவீனக் கலை அருங்காட்சியகம் புதுப்பிப்பு வேலைக்காகத் தற்காலிகமாக, ஆற்றுக்கு அப்பால் உள்ள குயின்ஸுக்குக் குடிபோனபோது, கலைஞர் பிரான்சிஸ் அலீஸ் நடத்திப் படம்பிடித்தது இது. பெயர், 'நவீன ஊர்வலம்'. அலீஸ் பெல்ஜியத்தில் பிறந்து மெக்சிகோவில் வாழ்பவர். புனிதர் சிலைகளைத் தெருவில் தூக்கிவரும் அந்த ஊர்ப் பழக்கம் கைவந்திருப்பது படத்தில் தெரிகிறது.

பல்லக்கில் போனவை எல்லாம் நகல்கள். இதைக் குறையாகச் சொல்பவர்களை எனக்குப் புரியவில்லை. மூலவர் கருவறையை விட்டு நகரமாட்டார், வெயிலில் அலைய உற்சவர் தனியாக இருக்கிறார். நம்மூர்க் குழந்தைக்கும் தெரிந்த ஏற்பாடுதானே? உயிரோடு போனவர் சிற்பி கிகி ஸ்மித் மட்டும். அவரையும் பல்லக்கில் உட்கார வைத்துத் தூக்குகிறார்கள். பார்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

குயின்ஸில் குடியிருப்பதால் எனக்கு இந்த வீடியோவில் உயிரான இடம் குயின்ஸ்பரோ பாலம். அதன் கீழே ஓடும் ஆறு வெறும் ஆறு இல்லை. வாடகை, பேச்சு, சாப்பாடு எல்லாம் அக்கரையில் வேறு. இங்கே ஃப்ளஷிங்கில் பௌன் தெருப் பிள்ளையார் வருஷாவருஷம் தேரில் வெளியே வருவார். சுற்றிவிட்டுத் தன் கோவிலுக்கே திரும்புவார்; அவர் சுற்றியது அவர் எல்லை. மோமாவின் ஊர்வலம் எதையும் சுற்றவில்லை. எல்லையைத் தாண்டிப்போய், முன்பு ஸ்டேப்ளர் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில் இறங்குகிறது. பணக்காரத் தெருவின் தெய்வங்கள் பட்டறைப் பகுதிக்கு வாடகைக்கு வருகின்றன. இந்தக் கிண்டலை அலீஸ் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டது எனக்குப் பிடித்தது. 2004 நவம்பரில் மோமா பழையபடி 53ஆம் தெருவுக்கே போய்விட்டது என்பதையும் சேர்த்துக்கொண்டு பார்த்தால் கிண்டல் இன்னும் கூடும்.

குறை உண்டு. தூக்குபவர்களுக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. தோளில் காய்ப்பு ஏறிய ஸ்ரீபாதம்தாங்கிகளைப் பார்த்த கண்ணுக்கு இவர்கள் நடை ஒத்திகை மாதிரிப் படுகிறது. வாத்தியத்தை எடுத்துவிட்டால் பக்தி பாதி காணாமல் போகும். ஏற்பாடு செய்ததே அருங்காட்சியகமும் ஒரு பொதுக்கலை அமைப்பும் என்பதால் கேலி எல்லை மீறவும் இல்லை.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். இது இரண்டு திரைகளுக்காகச் செய்தது. போனில் பார்த்தால் கூட்டம் எறும்பாகிவிடும். பெரிய திரை இருந்தால் அதில் போடுங்கள், ஒலியைக் கூட்டி. அலீஸ் தன் வீடியோக்களை இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். கையோடு 2004இல் எடுத்த 'பச்சைக் கோடு' படத்தையும் பார்த்துவிடலாம். ஜெருசலேமில், ஓட்டை போட்ட டப்பாவிலிருந்து பச்சைப் பெயிண்ட் ஒழுக ஒழுக, இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் இடையிலான பழைய போர்நிறுத்தக் கோட்டின் வழியே 24 கிலோமீட்டர் நடக்கிறார். வாத்தியமும் இல்லை, பல்லக்கும் இல்லை. ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் என் ஓட்டு அதற்குத்தான்.