பட்டாயா கோ லான் டூர்: 4,800 பாட் போச்சு, உஷாராக இருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தாய்லாந்தில் பட்டாயாவிலிருந்து கோ லான் தீவுக்கு ஒரு நாள் டூர் என்று நாலு பேருக்கு 4,800 பாட் கட்டினோம். நம்ம காசில் 12,000 ரூபாய்க்கு மேல்.

கடற்கரைச் சாலையில் குடை விரித்து மேசை போட்டிருக்கும் டூர் கவுன்டர்களில் ஒன்று. பெயர் வேண்டாம், அங்கே பாதிக் கவுன்டர்கள் இப்படித்தான் இருக்கும் போல. உட்கார்ந்திருந்த பெண் எங்களைப் பார்த்ததும் "வணக்கம் அண்ணா" என்றாள். ஆல்பத்தைப் புரட்டிக் காட்டினாள்: ஸ்பீட் போட், ஸ்நார்க்கெலிங் (கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் பார்ப்பது), கரையில் இந்தியச் சாப்பாடு. அத்தை சைவம் என்று மனைவி சொன்னதும் ரசீதில் 'வெஜ் 1' என்று எழுதி, சிவப்புப் பேனாவால் இரண்டு சுற்று வட்டம் போட்டாள். எங்கள் எதிரிலேயே ஹோட்டலுக்கு போன் செய்து எட்டு மணிக்கு வேன் வரும் என்றும் சொன்னாள். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்துத்தான் மனைவி பர்ஸைத் திறந்தாள்.

வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. அதோடு சரி. படகு நேராகத் தீவுக்குப் போகாமல் நடுக்கடலில் ஒரு மிதக்கும் மேடையில் போய் நின்றது. பாராசெய்லிங் (படகு இழுக்க பாராசூட்டில் பறப்பது) செய்கிறவர்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டும், கட்டாதவர்கள் தகரக் கூரைக்குக் கீழே உட்கார வேண்டும். ஒன்றரை மணி நேரம்! மேடை ஆடிய ஆட்டத்தில் அத்தை இரண்டு தடவை வாந்தி எடுத்தார். "தண்ணி கிடைக்குமா தம்பி" என்று படகுக்காரனிடம் தமிழிலேயே கேட்டார், பாவம். அவன் விலைப்பட்டியலைக் காட்டினான்.

ஸ்நார்க்கெலிங் கிடையாதாம், அலை அதிகமாம். பக்கத்திலேயே வேறு படகுக்காரர்கள் ஆட்களைக் கண்ணாடி மாட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். தீவின் டவேன் கடற்கரையில் இறக்கிவிட்டுச் சாப்பாட்டுக் கடையைக் கைகாட்டினார்கள். கடைக்காரர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது எங்க கம்பெனி இல்லை" என்றார். அத்தைக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான்.

சாயங்காலம் கவுன்டருக்குப் போனால் வேறொரு ஆள். "காலை ஷிப்ட், எனக்குத் தெரியாது." ரசீதில் இருந்த நம்பருக்கு அடித்தால் "மேனேஜர் நாளைக்கு வருவார்." மறுநாள் கேட்டால் படகு வேறு கம்பெனியாம், அங்கே போய்க் கேட்க வேண்டுமாம். மெசேஜுக்கு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணே வந்தாள். இன்னொரு டூர் எடுத்தால் 500 பாட் தள்ளுபடி தருகிறாளாம்! 4,800 பாட்டை முழுங்கிவிட்டு இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். இந்தத் தடவை 'அண்ணா' இல்லை, 'சார்'.

வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? 'கோரல் ஐலண்டு' என்று இவர்கள் விற்பது கோ லான் தீவைத்தான், கரையிலிருந்து ஏழு கிலோமீட்டர் சுமார். வாக்கிங் ஸ்ட்ரீட் முடிகிற இடத்தில் இருக்கும் பாலி ஹாய் துறையிலிருந்து சாதாரணப் படகு போகிறது. ஆளுக்கு 30 பாட், முக்கால் மணி நேரப் பயணம். நாலு பேர் போய்வர 240 பாட். நாங்கள் கொடுத்தது 4,800.

எப்படித் திட்டமிடுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஏர்போர்ட் வண்டி வந்துவிட்டது. அவசரமாகச் சில: காலையிலேயே கிளம்புங்கள், திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். தீவின் நபான் துறையில் இறங்கினால் மற்ற கடற்கரைகளுக்கு ஷேர் வண்டியும் பைக் டாக்ஸியும் உண்டு. டூர்தான் வேண்டும் என்றால் எது சேர்த்தி, எது தனிக் காசு என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், டூர் கம்பெனியின் உரிம எண்ணையும் பாருங்கள். ஜெட் ஸ்கி (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்) வாடகைக்கு எடுத்தால் முன்னாடியே சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துவிடுங்கள், பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். தகராறு என்றால் டூரிஸ்ட் போலீஸ் நம்பர் 1155.