மேட்பிளாட்லிப், பிளாட்லி, ஜிஜிபிளாட்2: ஆய்வுக் கட்டுரைப் படத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது

எங்கள் லேபில் வருவது பெரும்பாலும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவைக் கோணவாரியாக அளப்பது), யூவி-விஸ் (ஒளி உறிஞ்சலை அலைநீளவாரியாக அளப்பது) தரவுகள்தான். ஒரு கட்டுரைக்கான படங்களை மேட்பிளாட்லிப், பிளாட்லி, ஜிஜிபிளாட்2 ஆகிய மூன்று நூலகங்களிலும் (நிரல் எழுதி வரைபடம் போட உதவும் தொகுப்புகள்) வரைந்து பார்த்தபிறகு மேட்பிளாட்லிப்பையே வைத்துக்கொண்டேன். பைத்தான் நிரல்மொழியில் வேலை செய்கிறவன் என்பதால் முதல் இரண்டும் நன்றாகப் பழக்கம். ஜிஜிபிளாட்2 ஆர் மொழியில் இயங்குவது. அதில் என் அனுபவம் மேலோட்டமானதுதான், ஆகவே அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றும் இலவசம், மூன்றும் திறந்த மூலம். கோடு, புள்ளி, ஹிஸ்டோகிராம், ஹீட்மேப் எல்லாம் மூன்றிலும் வரும். எந்த அமைப்பையும் தொடாமல் முதல் படத்தை மட்டும் பார்த்தால் ஜிஜிபிளாட்2 தான் அழகு. சுட்டியைக் கொண்டுபோனால் மதிப்பு தெரிவது, இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது போன்றவற்றில் பிளாட்லிக்கு ஈடில்லை. புதுத் தரவு வந்ததும் எந்த உச்சி எந்த கோணத்தில் இருக்கிறது என்று துழாவ நான் இன்றும் பிளாட்லியைத்தான் திறக்கிறேன். நிறப்பட்டியல்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. 2017-இல் வந்த 2.0 பதிப்பில் மேட்பிளாட்லிப் பழைய 'ஜெட்' நிறவரிசையை விட்டுவிட்டு 'விரிடிஸ்'-க்கு மாறியது. நிறக்குறைபாடு உள்ளவர்களும் வாசிக்கக்கூடிய அந்த வரிசை இப்போது மூன்றிலும் இருக்கிறது.

சரி, அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? ஒரு படத்தை வரைய ஆகும் நேரத்தை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. அதைப் பிறகு திருத்த ஆகும் நேரம்தான் எனக்கு முக்கியம். கட்டுரையை அனுப்பிவிட்டு வேறு வேலையில் மூழ்கியிருப்போம். மாதங்கள் கழித்து ரிவ்யூவரின் (இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடுபவர்) கருத்துகள் வரும்: எழுத்து சிறிதாக இருக்கிறது, லெஜெண்ட் (எந்தக் கோடு எது என்று சொல்லும் பெட்டி) கோட்டை மறைக்கிறது, மேலே எலெக்ட்ரான்-வோல்ட் (ஆற்றலின் அலகு) அச்சு ஒன்று வேண்டும், அகலம் இத்தனை மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். அந்த நாளில் படத்தின் எந்தத் துண்டையும் கையில் பிடித்து மாற்ற முடிகிறதா என்பதுதான் எனக்கு உரைகல்.

அளவிலிருந்தே தொடங்கலாம். நேச்சர் இதழில் ஒற்றைப் பத்தி அகலம் 89 மி.மீ., இரட்டைப் பத்தி 183 மி.மீ., எழுத்து 5 முதல் 7 பாயிண்ட். மேட்பிளாட்லிப்பில் படத்தின் அளவை அங்குலத்தில் கொடுக்கிறோம், எழுத்தைப் பாயிண்டில் கொடுக்கிறோம். 89 மி.மீ. என்றால் சுமார் 3.5 அங்குலம். அகலம் 3.5, எழுத்து 7 என்று எழுதினால் அச்சிலும் அதேதான். எதையும் பெருக்கிப் பார்க்க வேண்டாம். பிளாட்லி பிக்சலில் யோசிக்கிறது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் 700-க்கு 500 என்று ஏற்றுமதி செய்யும். திரைக்கு அது போதும். தாளுக்கு வரும்போது பிக்சலையும் பாயிண்டையும் மாற்றி மாற்றிக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஜிஜிபிளாட்2-இல் மில்லிமீட்டரையே நேரடியாகக் கொடுக்கலாம், அது பெரிய வசதி. ஆனால் அச்சின் எழுத்து பாயிண்டிலும், படத்துக்குள் நாம் வைக்கும் எழுத்து இயல்பாக மில்லிமீட்டரிலும் அளக்கப்படுவதால், இரண்டுக்கும் 7 என்று கொடுத்தால் ஒன்று மற்றதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிதாக நிற்கும்.

மேட்பிளாட்லிப்பிலும் இந்த இடத்தில் ஒரு பொறி உண்டு. ஓரத்து வெள்ளையை வெட்ட, சேமிக்கும்போது 'டைட்' என்று கொடுக்கச் சொல்லும் பதில்தான் இணையத்தில் எங்கு பார்த்தாலும் கிடைக்கும். அதைக் கொடுத்தால் வெட்டியபிறகு மிஞ்சுவதுதான் படத்தின் அளவு. 3.5 அங்குலம் 3.3 ஆகலாம், 3.7 ஆகலாம். இதழில் அதை நீட்டியோ சுருக்கியோ வைக்கும்போது எழுத்தின் அளவும் கூடவே மாறிவிடும். அதற்குப் பதிலாகப் படத்தை உருவாக்கும்போதே 'கன்ஸ்ட்ரெயின்ட்' என்ற தளவமைப்பைக் கேட்டால், கொடுத்த அகலத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கித் தரும். கலர்பார் (எந்த நிறம் எந்த மதிப்பு என்று காட்டும் பட்டை) பக்கத்துப் படத்தைத் தின்றுவிடுகிறது என்ற புகாரும் பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

அடுத்தது, துண்டைக் கையில் பிடிப்பது. மேட்பிளாட்லிப்பில் திரையில் தெரிகிற ஒவ்வொன்றும் ஒரு பொருள். ஓரக்கோடு, சிறு டிக் (அச்சில் மதிப்பைக் குறிக்கும் கோடு), டிக்கின் எழுத்து, லெஜெண்டுக்குள் இருக்கும் கோடு எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. பெயர் சொல்லிக் கேட்டு மாற்றலாம். மற்ற இரண்டில் நான் 'என்ன வேண்டும்' என்று விவரிக்கிறேன், நூலகம் அதை வரைந்து தருகிறது. விவரிக்கும் பட்டியலில் இல்லாத ஒன்று வேண்டுமென்றால் சுற்றுவழிதான். இந்தச் சுதந்திரம் முழுதாகக் கிடைக்க, 'பிஎல்டி' என்று தொடங்கும் குறுக்குவழிக் கட்டளைகளைக் குறைத்து, ஒவ்வொரு படக்கட்டத்தையும் குறிக்கும் ஆக்சஸ் பொருளிடம் நேரடியாகப் பேசி எழுத வேண்டும். குறுக்குவழியில் எழுதினால், நான்கு படங்கள் ஒன்றாக இருக்கும் பக்கத்தில் கட்டளை எந்தப் படத்துக்குப் போகிறது என்றே தெரியாமல் போகும்.

எலெக்ட்ரான்-வோல்ட் அச்சை எடுத்துக்கொள்வோம். அலைநீளத்தை நானோமீட்டரில் வைத்து 1240-ஐ அதனால் வகுத்தால் ஆற்றல் கிடைக்கும். மேட்பிளாட்லிப்பில் இரண்டாம் அச்சு ஒன்றைக் கேட்டு, போகவும் திரும்பவும் இரண்டு ஃபங்ஷன்களைக் கொடுத்தால் மேலே சரியான டிக்குகள் வந்துவிடும். பூஜ்ஜியத்தால் வகுப்பதாக எச்சரிக்கை வந்தால் அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே பூஜ்ஜியத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஜிஜிபிளாட்2-இலும் இது ஒரே வரி, இன்னும் சுருக்கம் என்றே சொல்லலாம். ஆனால் அங்கே இரண்டாம் அச்சு முதல் அச்சின் கணித மாற்றமாக மட்டுமே இருக்கலாம். ஒரே படத்தில் வெப்பநிலைக்கு ஒரு அச்சு, எடையிழப்புக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு அச்சு என்றால் தரவையே நாம் அளவு மாற்றிக் கொடுக்க வேண்டும். பிளாட்லியில் சம்பந்தமில்லாத இரண்டு அச்சு எளிது, கணித மாற்றம்தான் கஷ்டம். மேலே இன்னொரு அச்சைப் படியவைத்து, அது தெரிவதற்காகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டை அதில் ஏற்றி, டிக்குகளைக் கையால் கணக்கிட்டு இட வேண்டும். அப்புறம் ரிவ்யூவர் அலைநீள எல்லையை மாற்றச் சொன்னால் அத்தனையும் மறுபடி.

பிழை வந்தால் மூன்றும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு எங்கள் லேபில் அடிக்கடி வரும் ஒன்றைச் சொல்கிறேன். கருவி எழுதித் தரும் சிஎஸ்வி கோப்பில் தலைப்புக்குக் கீழே அலகுகளுக்கென்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியால் முழு நெடுவரிசையும் எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் படிக்கப்பட்டுவிடும். மேட்பிளாட்லிப் ஒவ்வொரு மதிப்பையும் தனி வகையாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் டிக் போடும். அச்சின் அடியில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கறுப்புப் பட்டை தெரியும். ஜிஜிபிளாட்2-இல் கோடே மறைந்துபோய், ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஒரு தரவுதான் இருக்கிறது என்று செய்தி வரும். பிளாட்லி எண்போல் தெரிகிற எழுத்தைத் தானாகவே எண்ணாக்கிவிடும், ஆகவே படம் பெரும்பாலும் சரியாகவே தெரியும். பார்க்க உதவிபோல் இருந்தாலும் எனக்கு இது பிடிக்கவில்லை. பழுது தரவில் அப்படியே கிடக்கிறது. உச்சியால் வகுத்து இயல்பாக்கும்போது வேறெங்கோ போய் வெடிக்கும். கறுப்புப் பட்டை அசிங்கம்தான், ஆனால் தப்பை அந்த இடத்திலேயே காட்டிவிடுகிறது. தீர்வு மூன்றுக்கும் ஒன்றுதான்: படிக்கும்போதே அலகு வரியைத் தாண்டிவிடுங்கள், நெடுவரிசை எண்தானா என்று வரைவதற்கு முன் பாருங்கள்.

கோப்பாக வெளியே எடுக்கும் கட்டத்தில் பிளாட்லி இன்னும் கொஞ்சம் வேலை வைக்கிறது. நிலையான படத்துக்கு அது கெலைடோ என்ற துணை நிரலை நம்புகிறது. அதன் புதிய பதிப்புக்கு கணினியில் குரோம் உலாவி இருந்தாக வேண்டும். திரையே இல்லாத சர்வரில் ஓட்டுகிறவர்கள் இதை முதலிலேயே கவனிக்க வேண்டும். பழைய பதிப்பில் பிடிஎஃப் எடுத்தால் சில நேரம் இடது கீழ் மூலையில் மேத்ஜாக்ஸ் (கணிதக் குறியீடுகளை வரையும் நிரல்) ஏறிக்கொண்டிருக்கிறது என்று ஒரு சின்னப் பெட்டி பதிந்துவிடும். மேத்ஜாக்ஸை அணைத்துவிட்டால் போய்விடும், ஆனால் கணிதக் குறியீடுகளும் அதோடு போய்விடும்.

மேட்பிளாட்லிப்பின் பிடிஎஃப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இயல்பாக அது எழுத்துருவை 'டைப் 3' வடிவில் பதிக்கிறது. ஐஇஇஇ, ஏசிஎம் போன்ற பதிப்பாளர்களின் கோப்புச் சோதனைகளில் அது நிற்காது. அமைப்புக் கோப்பில் பிடிஎஃப் எழுத்துரு வகையை 42 என்று ஒருமுறை எழுதிவிட்டால் தீர்ந்தது. லேபுக்கென்று ஒரு ஸ்டைல் கோப்பு வைத்துக்கொண்டு இதையும் எழுத்தளவையும் கோட்டுத் தடிமனையும் அதிலேயே எழுதிவிடுவது நல்லது. அச்சின் மூலையில் திடீரென்று ஒரு கூட்டல் எண் முளைத்து டிக்குகளெல்லாம் பூஜ்ஜியத்தை ஒட்டித் தெரிந்தால், அது 'ஆஃப்செட்'. அதை அணைக்கும் வரியையும் அங்கேயே வைக்கலாம். லட்சக்கணக்கான புள்ளிகளால் பிடிஎஃப் கனத்துவிட்டால், புள்ளிகளை மட்டும் 'ராஸ்டரைஸ்' செய்யச் (பிக்சல் படமாக்கச்) சொல்லலாம். அச்சும் எழுத்தும் வெக்டராகவே (பெரிதாக்கினாலும் மங்காத வடிவில்) இருக்கும்.

பதிப்பு மாற்றங்களில் மேட்பிளாட்லிப் குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன். கான்டூர் (சமமதிப்புக் கோடு) படத்தின் அடுக்குகளைத் தனித்தனியாக எடுக்கும் பழைய வழி 3.8-இல் கைவிடப்பட்டு 3.10-இல் நீக்கப்பட்டது. நிறவரிசையைப் பெயரால் எடுக்கும் ஒரு பழைய கட்டளை 3.9-இல் போனது. ஆனால் நீக்குவதற்கு முந்தைய பதிப்புகளிலேயே எச்சரிக்கை வருகிறது, மாற்றாக என்ன எழுத வேண்டும் என்றும் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. ஜிஜிபிளாட்2 3.4.0-இல் கோட்டின் தடிமனுக்கான பெயரை மாற்றியபோதும் அப்படித்தான் எச்சரித்தது. நீண்டகாலப் பராமரிப்பில் அவை இரண்டில் எது மேல் என்று தீர்ப்பு சொல்லும் அளவுக்கு ஆரில் எனக்குப் பழைய நிரல்கள் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மேட்பிளாட்லிப்பைத் தயங்காமல் ஒதுக்கிவிடுகிறேன்: அச்சுகளில் தமிழ் எழுத வேண்டியிருக்கும்போது. இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லாததால் முதலில் கட்டங்கள்தான் வரும், கூடவே 2965-ஆம் எழுத்து இல்லை என்று எச்சரிக்கை. அந்த எண் 'க'. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வைத்தால் கட்டங்கள் போய்விடும். ஆனால் நான் பயன்படுத்திய பதிப்புகளில் 'வெப்பம்' என்று எழுதினால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, ஏனென்றால் எழுத்துகளைக் கோக்கும் வேலையை அது செய்வதில்லை. பிளாட்லியில் உலாவியே அந்த வேலையைச் செய்துவிடுவதால் தமிழ் முதல் முறையே சரியாக வரும். ஆரில் ராக் என்ற வெளியீட்டுக் கருவியும் இதைக் கவனித்துக்கொள்கிறது. மேட்பிளாட்லிப்பிலேயே செய்தாக வேண்டுமென்றால், எஸ்விஜி (ஒரு வெக்டர் படக் கோப்பு வகை) எழுத்துரு வகையை 'நன்' (none) என்று வைத்துச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரலில் திறந்து பிடிஎஃப் ஆக்குங்கள். எழுத்து எழுத்தாகவே போவதால் கொம்பு முன்னால் வந்துவிடும். பள்ளி மாணவர்களுக்கான தமிழ் விளக்கப் படங்கள் என்றால் இந்தச் சுற்று வேண்டாம், பிளாட்லியிலேயே வரைந்துவிடுங்கள்.